குழாய் திரும்பி வந்த பிறகுதான் வேலையே: பெருங்குடல் புற்றுநோய் ஸ்க்ரீனிங் பற்றி ஓர் எளிய விளக்கம்

'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்ற விளம்பரம் இல்லாத சுவரைச் சேலத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலத்தோடு ரத்தம் வந்தால் நம் ஊரில் முதலில் வரும் பேச்சும் அதுதான். "சூடுங்க, நாலு நாள் மோர் குடிச்சா அடங்கிடும்." பலருக்கு அது உண்மையில் மூலம்தான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பத்துப் பேருக்குச் சரியாக இருந்த பதிலைப் பதினோராவது ஆளும் தனக்குச் சொல்லிக்கொள்கிறார். மலக்குடலில் வளரும் புற்றுநோயும் அதே சிவப்பு ரத்தத்தைத்தான் காட்டும். டாக்டர் கையுறை போட்டு விரலால் ஒரு நிமிடம் சோதித்தாலே கீழ்ப்பகுதியில் உள்ள பல கட்டிகள் தட்டுப்பட்டுவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குக் கூச்சப்பட்டு ஆறு மாதம் களிம்பு தடவியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ஆனால் இந்தக் கட்டுரை அதற்கும் முந்திய கட்டத்தைப் பற்றியது. கண்ணுக்கு ரத்தமே தெரியாத, வயிறு எந்தத் தொந்தரவும் தராத, ஆள் நன்றாக இருக்கும் காலத்திலேயே நோயைத் தேடிப் போவதுதான் ஸ்க்ரீனிங். தொந்தரவு வந்த பிறகு செய்வது நோயறிதல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறைவு, வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்க்ரீனிங் அழைப்புக்காகக் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

முன்கூட்டியே தேடுவதால் என்ன லாபம்?

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் உள்சுவரில் வயது ஏற ஏறச் சிறு சதை முளைகள் வரலாம். அவற்றைப் பாலிப் என்கிறார்கள். பெரும்பாலானவை கடைசிவரை ஒரு தொல்லையும் தருவதில்லை. சில மட்டும் மெல்லப் பெரிதாகி, உள்ளணுக்கள் கெட்டு, புற்றுநோயாக மாறும். இதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டு பிடிக்கும். உடம்பு நமக்குக் கொடுக்கும் இந்த அவகாசம் பல புற்றுநோய்களில் கிடைக்காது. பாலிப்பாக இருக்கும்போதே கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டால், அந்த இடத்தில் புற்றுநோய் வராமலே தடுத்துவிடலாம்.

2020இல் உலகம் முழுக்க 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதல் நிலையில் பிடிபட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டு தாண்டி வாழ்கிறார்கள். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு பிடிபட்டால் பத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவர்.

இரண்டு வகை மலப் பரிசோதனை

பாலிப்பும் கட்டியும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியும். அதைக் கண்டுபிடிக்கும் பழைய முறை குவாயாக் பரிசோதனை. அட்டையில் மலத்தைத் தடவி, மருந்துத் துளி விட்டால் ரத்தம் இருக்கும் இடம் நீலமாகும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த ஆய்வில் ஆண்டுதோறும் இதைச் செய்தவர்களிடம் இந்த நோயால் வரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 1993இல் தெரிந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்ததில் 15 சதவீதம் குறைந்ததாக 1996இல் வந்தது. மலத்தைச் சோதித்து உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அடித்தளம் இந்த ஆய்வுகள்தான்.

குவாயாக்கின் குறை, அது மனித ரத்தம் எது, ஆட்டு ரத்தம் எது என்று பிரித்தறியாதது. முந்தின நாள் சாப்பிட்ட ஆட்டுக்கறியும் சில காய்களும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். வைட்டமின் சி மாத்திரை உண்மை ரத்தத்தை மறைத்துவிடும். மூன்று வெவ்வேறு நாள் மலத்திலிருந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் எடுத்துத் தடவ வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கும்?

இப்போது பெரும்பாலான நாடுகள் பயன்படுத்துவது ஃபிட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பரிசோதனை. மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம் இதில் இருக்கிறது. அதனால் கறி, மீன், முள்ளங்கி எதையும் நிறுத்த வேண்டாம். ஒரே ஒரு சாம்பிள் போதும். இரைப்பையிலும் சிறுகுடலின் மேல்பகுதியிலும் கசியும் ரத்தம் கீழே வருவதற்குள் செரித்துப்போவதால், ஃபிட் பெரும்பாலும் பெருங்குடல் ரத்தத்தைத்தான் காட்டும். எஸ்டேட் வேலையில் வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு வரலாம். அது சிறுகுடலில் ரத்தம் குடிக்கும். சேர்வராயன் மலை மாதிரி இடங்களில் குவாயாக்கை விட ஃபிட் பொருத்தம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாம்பிள் எடுக்கக் கொடுக்கும் ஃபிட் குழாய் கட்டைவிரல் நீளத்தில் இருக்கும். மூடியைத் திருகி இழுத்தால் அதோடு ஒரு குச்சி வரும். குச்சியின் நுனியில் வரிவரியாகப் பள்ளங்கள். மலத்தின் மேல்பரப்பில் நாலைந்து இடத்தில் அந்த நுனியை உரசினால் பள்ளம் நிரம்பும். அவ்வளவே போதும். பரவலாகப் பயன்படும் ஒருவகைக் குழாயில் அந்தப் பள்ளம் பிடிப்பது 10 மில்லிகிராம்தான், உள்ளே இருக்கும் திரவம் 2 மில்லிலிட்டர். குச்சியைத் திரும்பச் செருகும்போது கழுத்தில் உள்ள வளையம் மிச்சத்தை வழித்துவிடும். 'நிறைய வைத்தால்தான் நன்றாகத் தெரியும்' என்று கரண்டிக்கணக்கில் திணித்தால் அளவு கெட்டு, லேப் அதைத் திருப்பி அனுப்பிவிடும்.

நம் வீடுகளில் தடுமாற்றம் வேறு இடத்தில். குத்துக்கால் கக்கூஸில் மலம் நேரே தண்ணீரில் விழும். தண்ணீரிலோ சிறுநீரிலோ கலந்த மலத்தில் மேல்பரப்பு ரத்தம் கரைந்து போய்விடும். எனவே மேடையின் மேல் பழைய செய்தித்தாளையோ உலர்ந்த பிளாஸ்டிக் தாளையோ விரித்து அதில் பிடிக்க வேண்டும். முதலில் சிறுநீர் கழித்துவிடுவது நல்லது. மாதவிடாய் நாட்களிலும் அது நின்று மூன்று நாள் வரையிலும் எடுக்க வேண்டாம். மூலத்தில் ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும் நாளிலும் வேண்டாம், அப்போது டாக்டரைப் பார்ப்பதே சரி. குழாயின் மேல் பெயரோடு சாம்பிள் எடுத்த தேதியையும் எழுத வேண்டும். தேதி இல்லாத குழாய் வீண்.

ஒருமுறை செய்த ஃபிட், இருக்கும் புற்றுநோய்களில் சுமார் பத்தில் எட்டைப் பிடிக்கும். பெரிய பாலிப்புகளில் பாதியைக்கூடப் பிடிக்காது, அவை தினமும் கசிவதில்லை. அதனால்தான் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் செய்யச் சொல்கிறார்கள். இந்தச் சுற்றில் தப்பியது அடுத்த சுற்றில் மாட்டும். 'போன வருஷம் நெகட்டிவ், இனி கவலையில்லை' என்பது சரியான கணக்கு இல்லை.

முகாம் வேறு, திட்டம் வேறு

நமக்கு முகாம் பழக்கம். பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டு, ஒருநாள் சோதித்து, சீட்டு எழுதிக் கொடுத்தால் முகாம் முடிந்தது. சீட்டு வாங்கியவர் எங்கே போனார் என்று மறுநாள் யாருக்கும் தெரியாது. பெருங்குடல் ஸ்க்ரீனிங்கை முகாமாக நடத்தினால் பலன் கிடையாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. பரிசோதனை நோயைக் குணப்படுத்துவதில்லை, அடுத்த படிக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். யாரை அழைத்தோம், யார் குழாயைத் திருப்பிக் கொடுத்தார், யாருக்குப் பாசிட்டிவ், அவருக்குக் காலனாஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) நடந்ததா, பயாப்ஸி (வெட்டி எடுத்த சதைத் துணுக்கைச் சோதிப்பது) என்ன சொன்னது என்று ஒரே பெயரைக் கடைசிவரை துரத்திக்கொண்டு போகும் பதிவேடு இருந்தால்தான் அது திட்டம்.

இங்கிலாந்து 2006இல் அப்படித் தொடங்கியது. டாக்டரிடம் பதிவான வயதுப் பட்டியலிலிருந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கே கிட் வரும். திருப்பி அனுப்பாதவருக்கு நினைவூட்டல் போகும். 2019இல் குவாயாக்கிலிருந்து ஃபிட்டுக்கு மாறினார்கள். அதற்கு முன் 2014இல் நடந்த சோதனை முயற்சியில், குவாயாக் கிட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் 59 சதவீதம், ஃபிட்டை அனுப்பியவர்கள் 66 சதவீதம். மூன்று நாள் வேலை ஒரு நாள் வேலையானதற்கே இத்தனை பலன். 2021 முதல் தொடங்கும் வயதையும் 60இலிருந்து படிப்படியாக 50க்கு இறக்கினார்கள். ஜப்பான் 1992 முதலே 40 வயது தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு நாள் சாம்பிள் எடுத்து ஃபிட் செய்கிறது.

அழைப்பது வேறு, வரவழைப்பது வேறு. போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. நேரடியாகக் காலனாஸ்கோபிக்கே மக்களை அழைத்துப் பார்த்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர்தான் வந்தார்கள். பத்து ஆண்டில் அழைக்கப்பட்ட மொத்தக் கூட்டத்தில் புற்றுநோய் 18 சதவீதம் குறைந்தது. வராத 58 சதவீதத்தையும் சேர்த்துப் பார்த்த கணக்கு இது. எத்தனை நல்ல கருவியும் வராத ஆளுக்கு வேலை செய்யாது.

வரம்பு எண் எங்கே வைப்பது?

ஃபிட் முடிவு 'உண்டு, இல்லை' என்று வருவது போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஓர் எண். ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் என்பதே அது. எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ் என்பதை ஒவ்வொரு நாடும் முடிவு செய்கிறது. ஃபிட்டுக்கு மாறியபோது இங்கிலாந்து 120 என்று வைத்தது, ஸ்காட்லாந்து 80 என்று வைத்தது. இரண்டு நாட்டுக் குடலும் வேறா என்ன? காலனாஸ்கோபி செய்ய எத்தனை டாக்டர், எத்தனை மேசை இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது.

நெதர்லாந்து 2014இல் 15 என்ற தாழ்வான வரம்போடு தொடங்கியது. எதிர்பார்த்ததை விட ஆட்கள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள், பாசிட்டிவும் கூடுதலாக வந்தது, காலனாஸ்கோபி வரிசை நீண்டது. அதே ஆண்டின் நடுவிலேயே வரம்பை 47க்கு உயர்த்தினார்கள். இதைத் தோல்வி என்று சொல்லக் கூடாது. மாதாமாதம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் திருத்த முடிந்தது.

நம் ஊர் அளவில் ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10,000 பேருக்குக் குழாய் கொடுக்கிறோம், 6,000 திரும்பி வருகிறது, அதில் 5 சதவீதம் பாசிட்டிவ் என்று வைத்துக்கொண்டால் 300 பேர். ஆஸ்பத்திரியால் வழக்கமான நோயாளிகள் போக வாரத்துக்குப் பத்துக் காலனாஸ்கோபி கூடுதலாகச் செய்ய முடிந்தால், 30 வாரம் ஆகும். வரம்பைத் தாழ்த்திப் பாசிட்டிவ் 8 சதவீதமானால் 480 பேர், 48 வாரம். வரிசையில் கடைசி ஆளுக்குப் பதினோரு மாதம். ஃபிட் பாசிட்டிவ் வந்து பத்து மாதத்துக்கு மேல் தாமதமானால் புற்றுநோயும், அது முற்றிய நிலையில் பிடிபடுவதும் கூடுகிறது என்று அமெரிக்காவில் 2017இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதாவது இன்னும் பலரைப் பிடிக்க வேண்டும் என்று வரம்பைத் தாழ்த்தியதே, பிடிபட்டவர்களுக்குக் கெடுதலாக முடியலாம். குழாய் வாங்குவதற்கு முன் மேசையை எண்ண வேண்டும்.

வெயிலும் இருபது வளைவும்

ஹீமோகுளோபின் சூட்டில் சிதையும். சிதைந்தால் ஃபிட்டின் எதிர்ப்புப் புரதம் அதை அடையாளம் காணாது, பாசிட்டிவ் நெகட்டிவாகிவிடும். இத்தாலியில் கோடைக் காலத்துச் சாம்பிள்களில் ஹீமோகுளோபின் அளவு குறைவாக வந்ததைக் கண்டிருக்கிறார்கள். அங்கேயே அப்படி என்றால் ஏப்ரல், மே மாதச் சேலம் வெயிலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்காட்டுப் பக்கத்துக் கிராமத்தில் குளிர்ச்சியில் எடுத்த சாம்பிள், பைக்கின் பெட்டியில் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, மதியம் அஸ்தம்பட்டி சிக்னலில் வேகும்போதுதான் கெடுகிறது.

இதற்குத் தீர்வு எளிது. சாம்பிளைக் காலையில் எடுத்து அன்றைக்கே சுகாதார நிலையத்தில் கொடுக்கச் சொல்ல வேண்டும். அங்கே 2 முதல் 8 டிகிரிக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். உறையவிடக் கூடாது, ஐஸ் கட்டி குழாயில் நேரடியாகப் படவும் கூடாது, இடையில் ஒரு துணியோ அட்டையோ போதும். தடுப்பூசி வைக்கும் பெட்டியில் மலக் குழாயைச் சேர்த்து வைக்கவே கூடாது, இதற்கென்று தனிப்பெட்டி வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை சேகரித்தால் சனி, ஞாயிறு முழுக்கக் கிடக்கும் என்பதால் திங்கள் முதல் வியாழன் வரை சேகரிப்பு வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் பாசிட்டிவ் விகிதம் திடீரென்று குறைந்தால் 'ஊர் ஆரோக்கியமாகிவிட்டது' என்று மகிழாமல் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டும்.

பாசிட்டிவ் வந்த பிறகு நடக்கும் தவறுகள்

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பலருக்கு மூலம், ஆசனவாய் வெடிப்பு, குடல் அழற்சி, அமீபா புண் என்று வேறு காரணம் இருக்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது காலனாஸ்கோபிதான். நம் பக்கம் அடிக்கடி நடப்பது இப்படி: பாசிட்டிவ் சீட்டோடு வீட்டுக்குப் போனவர் வயிற்று ஸ்கேன் எடுக்கிறார், "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சுங்க" என்கிறார். வயிற்றின் அல்ட்ராசவுண்டில் பாலிப் தெரியாது. இன்னொருவர் இரண்டாவது முறை ஃபிட் செய்து நெகட்டிவ் வந்ததும் விட்டுவிடுகிறார். பாலிப் இன்றைக்குக் கசியவில்லை என்பதைத் தவிர அந்த நெகட்டிவ் வேறெதுவும் சொல்வதில்லை. ஒரு பாசிட்டிவ் வந்தால் போதும், அடுத்தது காலனாஸ்கோபி.

அதற்குக் குடல் சுத்தமாக வேண்டும், பாதி வெற்றி அதில் இருக்கிறது. மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கம்பு, ராகி, கொய்யா, தக்காளி விதை, கத்தரி விதை வேண்டாம். இட்லி, குழைந்த வெள்ளைச் சாதம், நம் சேலத்து ஜவ்வரிசிக் கஞ்சி எல்லாம் சக்கை இல்லாதவை, சாப்பிடலாம். இரும்புச் சத்து மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது மலத்தைக் கறுப்பாக்கிச் சுவரில் ஒட்டவைக்கும். முந்தின நாள் தெளிந்த திரவம் மட்டும்: இளநீர், வடிகட்டிய ரசம், பால் விடாத காபி. சிவப்பு, ஊதா நிறப் பானம் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். பேதி மருந்துக் கரைசலை ஒரே மூச்சில் குடிக்காமல் பாதி முந்தின மாலை, மீதிப் பாதி பரிசோதனைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் முன்பு என்று பிரித்துக் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும். கடைசியில் மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். பழுப்பாக இருந்தால் போதவில்லை. சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தாமல் டாக்டரிடம் முன்பே கேட்க வேண்டும்.

மலைக் கிராமத்தில் இருப்பவருக்கு இதில் இன்னொரு கஷ்டம். காலை எட்டு மணிக்குக் கீழே இருக்க வேண்டும் என்றால் விடியற்காலை மூன்று மணிக்கு மருந்து குடித்துவிட்டு, வயிறு கலங்கும் நேரத்தில் பஸ் ஏற வேண்டும். முடியாது. வரமாட்டார். அவருக்கு மதியம் நேரம் ஒதுக்குவதோ, முந்தின இரவே துணைக்கு ஒருவரோடு ஆஸ்பத்திரியில் தங்கவைப்பதோ சலுகை இல்லை, திட்டத்தின் பகுதி.

காலனாஸ்கோபி செய்பவரின் தரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கேமராக் குழாய் பெருங்குடலின் தொடக்க முனைவரை போய்ச் சேர்ந்தது நூற்றுக்குத் தொண்ணூறு முறைக்குக் குறையக் கூடாது. வெளியே இழுத்து வரும்போதுதான் சுவரை உற்றுப் பார்ப்பார்கள், அதற்குக் குறைந்தது ஆறு நிமிடம் எடுக்க வேண்டும். ஒரு டாக்டர் பாலிப் கண்டுபிடிக்கும் விகிதம் ஒரு சதவீதம் கூடினால், அவரிடம் காட்டியவர்களுக்குப் பின்னால் புற்றுநோய் வரும் ஆபத்து 3 சதவீதம் குறைகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது. குடலில் ஓட்டை விழும் ஆபத்து, வெறுமனே பார்க்கும்போது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பாலிப் வெட்டும்போது சற்றுக் கூடும். இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

சேலத்தில் எங்கிருந்து தொடங்கலாம்?

இந்தியாவின் அரசுத் திட்டத்தில் 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் ஸ்க்ரீனிங் உண்டு. பெருங்குடல் அதில் இல்லை. இந்த நோய் மேலை நாடுகளை விட இங்கே குறைவு என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் குழாய் அனுப்பினால் ஒரு புற்றுநோயைக் கண்டுபிடிக்க அங்கே ஆவதை விடப் பல மடங்கு காலனாஸ்கோபி ஆகும்.

எங்கள் யோசனை, எல்லோருக்கும் என்று தொடங்காமல் இரண்டு கூட்டத்தில் தொடங்குவது. முதலாவது, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளை இவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்த குடும்பம். அவர்களுக்கு 40 வயதிலோ, குடும்பத்தில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முந்தியதோ அப்போதே நேரடியாகக் காலனாஸ்கோபி. இரண்டாவது, வயிற்றுத் தொந்தரவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவர்கள். இவர்களுக்குச் செய்வது ஸ்க்ரீனிங் இல்லை, நோயறிதல்தான், ஆனால் அதே குழாய் இங்கேயும் உதவும். பிரிட்டனில் 2023 முதல் இப்படி வருபவர்களுக்கும் ஃபிட் செய்து, 10 என்ற தாழ்ந்த வரம்புக்கு மேல் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரமாக அனுப்புகிறார்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி ஓர் இடத்துக்கு யாரை முதலில் அனுப்புவது என்று ஏற்காட்டு நர்சம்மா முடிவு செய்ய இது நல்ல உதவியாக இருக்கும். கண்ணுக்குத் தெரிய ரத்தம் போகிறவருக்கு மட்டும் முதலில் விரல் பரிசோதனை, பிறகு மற்றது.

வீட்டுக்குப் போகும் பாதை ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். அந்த அக்கா வாசலில் நின்று, "பெரியம்மா, உங்க அண்ணனுக்குக் குடல்ல கட்டி வந்துச்சே, அது எத்தனை வயசுல?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், முதல் கூட்டத்தின் பட்டியல் எழுதப்படத் தொடங்கிவிடும்.

இரண்டு கூட்டத்தின் பட்டியலுக்கும் கம்ப்யூட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரு நீள நோட்டு போதும். பெயர், வயது, துணைக்கு வருபவரின் போன், குழாய் கொடுத்த தேதி, திரும்பிய தேதி, எண், நேரில் சொன்ன தேதி, காலனாஸ்கோபி தேதி, குடல் சுத்தம் போதுமானதாக இருந்ததா, பயாப்ஸி முடிவு, அடுத்து எப்போது வர வேண்டும். பதினொரு கட்டம். வரம்புக்கு மேல் எண் வந்து, காலனாஸ்கோபிக் கட்டம் மட்டும் ஒரு மாதமாக வெறுமையாக இருக்கும் பெயர்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஒவ்வொரு திங்கள் காலையும் முதல் போன் அவர்களுக்குப் போட வேண்டும்.